பாபடூக்கா, பெரியாச்சியா?

பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமும் அண்ணிக்குத் தூக்கமில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னோம். நான் சொன்னது 'தி பாபடூக்' (2014) என்ற பேய்ப்படம். பாட்டி சொன்னது, தாயையும் பிள்ளையையும் காக்கும் அம்மன் பெரியாச்சியின் சந்நிதி.

ஜெனிஃபர் கென்ட் எடுத்த ஆஸ்திரேலியப் படம் அது. அமீலியாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போகும் வழியில் அவள் கணவன் விபத்தில் இறந்துவிடுகிறான். அவள் அடக்கிவைத்த துக்கம் மகன்மேல் ஆத்திரமாகத் திரும்புகிறது. தாய்க்கும் அப்படி வரும் என்று ஒளிக்காமல் காட்டுவதுதான் படத்தின் பலம். கடைசியிலும் பேய் சாகாது. நிலவறையில் கிடக்கும், அவள் கிண்ணத்தில் மண்புழு கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தக் காட்சியில் அண்ணி "சரிதான்" என்றார். ஆனால் அன்றிரவும் தூங்கவில்லை. பச்சை உடம்புக்காரிக்கு இதைக் காட்டியது என் தப்பு.

பெரியாச்சியும் சாதுவல்ல. சிலையில், மடியில் ஒருத்தியைக் கிடத்திக் குடலை உருவுகிறாள், ஒரு கையில் குழந்தையை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். முப்பது நாள் கழிந்ததும் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுவது இங்கே வழக்கம். சந்நிதியில் நாலு பெண்கள் பிள்ளையை வாங்கிக்கொள்ள, அண்ணி தூணில் சாய்ந்து அரைமணி நேரம் தூங்கினார். அப்புறம் ஒருத்தி "வேண்டுதல் குறை" என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

எனக்குக் கோயில்தான் மேல், அந்த நாலு பேருக்காக. அழுகையும் சோர்வும் இரண்டு வாரம் தாண்டினால் இரண்டுமே போதாது, கிளினிக்தான். அங்கே, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாள் கொடுத்தார்கள். மொத்தம் 10 கேள்விகள். ஒன்பதாவது அழுகையைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு அண்ணி பேனாவைக் கீழே வைத்தார்.