டிரையத்லான் சைக்கிளா, ரோடு சைக்கிளா: டர்பன் உப்புக்காற்றில் எது தாங்கும்?

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்திலிருந்து ஒரு முதியோர் இல்லத்துக்காகவோ புற்றுநோயோடு போராடும் குழந்தைகளுக்காகவோ நிதி திரட்ட, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் வகையான அயர்ன்மேன் போட்டியில் இறங்குபவர்கள், முதல் மாதத்திலேயே வந்து நிற்கும் இடம் சைக்கிள் கடை. நீச்சலுக்கு ஒரு வெட்சூட், ஓட்டத்துக்கு ஒரு நல்ல ஷூ. அதோடு அந்தச் செலவு முடிந்துவிடும். கணக்கு கைமீறிப் போவது சைக்கிளில்தான். கடைக்காரர் இரண்டு வழி காட்டுவார். ஒன்று, கைகளை முன்னே நீட்டிப் படுத்தாற்போல் ஓட்டுவதற்கென்றே செய்த கார்பன் டிரையத்லான் சைக்கிள். இன்னொன்று, சாதாரண அலுமினிய ரோடு சைக்கிள் வாங்கி, அதன் ஹேண்டில்பாரில் ஏரோ பார், அதாவது முழங்கையை ஊன்றிக் குனிய உதவும் கம்பிகள், மாட்டிக்கொள்வது.

முதல் முறை இறங்குபவருக்கு, அதுவும் நிதிக்காக இறங்குபவருக்கு, நாங்கள் தயங்காமல் சொல்வது இரண்டாவதைத்தான். வேகத்தை வைத்துச் சொல்லவில்லை. இந்தக் கடற்கரையில் எந்த வண்டி ஆறு மாதப் பயிற்சியைத் தாங்கி, போட்டி நாளன்று ஒழுங்காகக் கியர் மாறுகிறது என்பதை வைத்துச் சொல்கிறோம்.

வேகத்தில் டிரையத்லான் சைக்கிள்தான் மேல், அதில் வாதம் இல்லை. ஆனால் காற்றுத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது, வண்டியால் அல்ல. ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்துவிட்டால் கிடைக்க வேண்டிய லாபத்தில் பெரும்பகுதி ரோடு சைக்கிளிலேயே கிடைத்துவிடும். மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 கி.மீ. தூரத்தை மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 6 மணி 26 நிமிடம். 29 கி.மீ. வேகத்தில் 6 மணி 12 நிமிடம். ஒரு முழு கிலோமீட்டர் வேகம் கூடினாலும் மிச்சமாவது 13, 14 நிமிடம்.

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் கொண்ட முழுத் தூரப் போட்டிக்கு மொத்த அவகாசம் 17 மணி நேரம். வழக்கமான விதிப்படி போட்டி தொடங்கியதிலிருந்து 10 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள் பகுதி முடிய வேண்டும். நீச்சலுக்கு 1 மணி 40 நிமிடமும் உடை மாற்ற 12 நிமிடமும் போனாலும் சைக்கிளுக்கு 8 மணி 38 நிமிடம் கையில் இருக்கும். மணிக்கு 21 கி.மீ. போதும். நிதி கொடுப்பவர்கள் நீங்கள் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும் என்றுதான் கொடுக்கிறார்கள், 14 நிமிடம் முன்னால் வருவதற்காக அல்ல.

இனி உப்புக்கு வருவோம். டர்பனில் பயிற்சி என்றால் பெரும்பாலும் எம்4 சாலைதான்: விடியற்காலையில் உம்லங்கா தாண்டி, உம்ட்லோட்டி, பலிட்டோ வரை போய்த் திரும்புவது. சாலை நெடுகக் கடல் பக்கத்திலேயே வரும். கோடையில் வடகிழக்குக் காற்று அலையின் துளியைச் சாலைக்கே கொண்டுவரும். இது வெளியிலிருந்து வரும் உப்பு. இதைவிடக் கெட்டது உடம்பிலிருந்து வருவது. ஏரோ நிலையில் குனியும்போது தலை நேராக ஹெட்செட்டுக்கு, அதாவது ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் தொகுதிக்கு, மேலே நிற்கும். நெற்றி வியர்வை, மூக்கு நீர், இரண்டு கைகளுக்கு நடுவே வைத்த பாட்டிலிலிருந்து தெறிக்கும் சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில் சொட்டும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் மூடி, அதன் போல்ட்டுகள், அதற்குக் கீழே மேல் பேரிங். வாரம் எட்டு, பத்து மணி நேரம், மார்கழி தை மாதத்துப் புழுக்கத்தில்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பேரிங்கை வெளியே எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டியது நறநறவென்று தடைபடும். ரப்பர் மூடியை ஊசியால் கிளப்பினால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பி நிறத்தில் துருத் தண்ணீர் நிற்கும். ஹேண்டில்பார் தானாக நடுவில் வந்து பூட்டிக்கொள்வதுபோல் இருந்தால் அது இந்தக் கோளாறுதான்.

ரோடு சைக்கிளில் இதைச் சரிசெய்ய ஒரு மணி நேரமும் 4, 5 மி.மீ. ஆலன் கீயும் போதும். (கேபிள்கள் வெளியே ஓடும் வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது இதற்காகத்தான், இப்போது வரும் சில ரோடு சைக்கிள்களிலும் கேபிளை உள்ளே புதைத்துவிடுகிறார்கள்.) மேல் மூடியின் போல்ட்டைக் கழற்றி, ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை அப்படியே ஒரு துணியில் தொங்கவிட்டு, ஃபோர்க்கைக் கீழே இறக்கினால் இரண்டு பேரிங்கும் கைக்கு வரும். துடைத்து, நீர் புகாத கிரீஸை மேலும் கீழும் தாராளமாகப் பூசி, வந்த வரிசையிலேயே ஏற்ற வேண்டும். முதலில் மேல் மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் டக்டக் என்று அடிக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் ஸ்டெம் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, அதன்மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பொதுவாக 5 நியூட்டன் மீட்டர், இறுக்க வேண்டும். வரிசையை மாற்றி ஸ்டெம்மை முதலில் இறுக்கிவிட்டால், மேல் மூடியை எவ்வளவு திருகினாலும் ஆட்டம் போகாது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் பேரிங் தப்பிக்கும். தப்பாவிட்டாலும் புதியது கடையில் கிடைக்கும்.

டிரையத்லான் சைக்கிளில் இதே வேலை பட்டறைக்குப் போகும். பல வண்டிகளில் பிரேக், கியர் கேபிள் எல்லாமே ஹெட்செட் வழியாகவோ ஸ்டெம் வழியாகவோ வண்டிச் சட்டத்துக்குள் (ஃபிரேம்) நுழைகின்றன. மேல் பேரிங்கை மாற்ற வேண்டுமானால் அவற்றை உருவ வேண்டும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் சில வண்டிகளில் குழாயைக் கழற்றி, திரும்ப மாட்டி, எண்ணெயில் காற்றுக் குமிழி இல்லாமல் எடுக்க வேண்டும். ஒரு சிறு பேரிங்குக்காக அரை நாள் கூலி. கேபிள் கியர் உள்ள பழைய டிரையத்லான் வண்டிகளில் இன்னொன்று: கேபிள் ஏரோ பாரின் நுனியிலிருந்து கிளம்பி, வண்டிக்குள் வளைந்து வளைந்து பின் சக்கரம் வரை போகும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லை. கேபிள் துருவேறிக் கனத்ததும், நீங்கள் தொடாமலே கியர் குதிக்கும், அல்லது தொட்டும் மாறாது. ரிம் பிரேக் மாதிரிகள் சிலவற்றில் பின் பிரேக் பெடல் அச்சுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சாலை மண்ணும் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் நேராக அதில்தான் போய்ச் சேரும்.

சீட் போஸ்ட் விஷயத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ரோடு சைக்கிளின் உருளைச் சீட் போஸ்ட் 27.2 அல்லது 31.6 மி.மீ. போன்ற பொது அளவில் இருக்கும், எந்தக் கடையிலும் கிடைக்கும். டிரையத்லான் சைக்கிளின் தட்டைச் சீட் போஸ்ட்டும் அதைப் பிடித்திருக்கும் ஆப்பும் அந்த ஒரு மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். வியர்வை முதுகு வழியாக இறங்கி அந்த ஆப்பில் தேங்கி, போல்ட் இறுகிப்போகும். கழற்ற முயன்று தலை வழுக்கினால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாதிரி நிறுத்தப்பட்டு ஆப்பும் கிடைக்காவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் சட்டம் பயனற்றுப் போகும்.

அலுமினியத்துக்கும் நோய் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் வியர்வை ஊறி, உலோகம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஏரோ பார் கிளாம்ப் பிடிக்கும் இடத்திலும் இதே. அரிப்பு குழியாக இறங்கிய ஹேண்டில்பார் ஓடும்போதே முறியக்கூடும், அது விளையாட்டல்ல. நான்கு மாதத்துக்கு ஒருமுறை டேப்பை உரித்துப் பார்த்து, விரல் நகம் மாட்டும் அளவு குழி இருந்தால் பாரை மாற்றிவிடுங்கள். அலுமினியச் சட்டத்தில் கார்பன் சீட் போஸ்ட் போட்டவர்கள் மாதம் ஒருமுறை கழற்றி, துடைத்து, கார்பன் பேஸ்ட் பூசி மாட்ட வேண்டும். உப்பு ஈரம் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும்.

தினசரிப் பராமரிப்பு இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். வீடு வந்ததும் அரை வாளி நல்ல தண்ணீர், ஒரு ஸ்பஞ்சு, உலர்ந்த துணி. பீச்சியடிக்கும் குழாய் வேண்டாம், அது உப்பைப் பேரிங்குக்குள் தள்ளிவிடும். செயினைத் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புற எண்ணெயை ஒற்றி எடுங்கள். 11, 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதைவிட விலை கூடிய கேசெட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியை, தின்றுவிடும். கடலில் நீந்திவிட்டு நேராகச் சைக்கிள் ஏறும் பயிற்சி நாட்களில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஏறுங்கள். வண்டி உங்களுக்கு நன்றி சொல்லும்.

ஏரோ பாரை மாட்டினால் மட்டும் ரோடு சைக்கிள் மாறிவிடாது. அப்படியே மாட்டி ஓட்டுபவர்கள் இடுப்பு மடங்கி, கழுத்து பிடித்து, ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடுவார்கள். நிமிர்ந்து ஓட்டினால் அந்தக் கம்பிகள் வெறும் பாரம். ரோடு சைக்கிளின் சீட் குழாய் சுமார் 73 டிகிரி சாய்வு, டிரையத்லான் சைக்கிளுக்கு 76 முதல் 78 அல்லது அதற்கும் மேல். அந்த வித்தியாசத்தை நாம்தான் ஈடுகட்ட வேண்டும். சீட்டை 1.5 முதல் 2 செ.மீ. முன்னே தள்ளுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 3 மி.மீ. உயர்த்துங்கள். 100 மி.மீ. ஸ்டெம் இருந்தால் 80 அல்லது 90 போடுங்கள். முழங்கைத் திண்டுகளை முதலில் உயரமாகவே வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். மூக்கு குட்டையான சீட் மரத்துப்போவதைக் குறைக்கும். கிளாம்ப் 31.8 மி.மீ. உருளைப் பாருக்கானது, தட்டையான பாரில் பிடிக்காது. கார்பன் பாரில் தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டுமே மாட்டலாம். முதல் வாரம் பத்து நிமிடம் குனிந்து, ஐந்து நிமிடம் நிமிர்ந்து. எட்டாவது வாரத்துக்குள் நாற்பது நிமிடம் தொடர்ச்சியாக.

குறைகளும் சொல்லியாக வேண்டும். கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் ஏரோ பாரிலிருந்து கையை எடுக்க வேண்டும், எம்4-இன் ஏற்ற இறக்கத்தில் அது தொல்லைதான். சீட்டை முன்னே தள்ளியதால் முன்சக்கரத்தில் பாரம் கூடி, இறக்கத்தில் வண்டி கொஞ்சம் படபடக்கும். உடலமைப்பால் எவ்வளவு சரிசெய்தாலும் இடுப்பு மடங்கல் விலகாதவர்கள் உண்டு. 11 மணி நேரத்துக்குள் முடிக்கவோ உலகப் போட்டி இடம் பிடிக்கவோ பார்ப்பவர்கள் டிரையத்லான் சைக்கிளே வாங்கட்டும். மின்கியர் வைத்த புதிய வண்டிகளில் கியர் கேபிள் தொல்லை இல்லை என்பதும் உண்மை. உப்பில் அவை நீண்ட காலம் நிற்குமா என்பதைப் பற்றி எங்கள் கருத்து உறுதியானதல்ல; சார்ஜ் ஏறும் துளையின் மூடியைச் சரியாக அடைக்காதவர்கள் சிரமப்படுகிறார்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

போட்டி நடக்கும் கெபெர்ஹா, போர்ட் எலிசபெத் என்று நாம் சொல்லிப் பழகியது, காற்றுக்குப் பேர்போன ஊர். பக்கக் காற்றில் ஆழமான சட்டமும் ஆழமான சக்கரமும் பாய்மரம்போல் வேலை செய்யும். 60 கிலோவுக்குக் குறைந்தவர்கள் முன்சக்கர ரிம் 40 மி.மீ.-க்கு மேல் போக வேண்டாம். 28 மி.மீ. டயர் கரடுமுரடான தாரில் கையையும் காப்பாற்றும்.

டர்பனிலிருந்து அங்கே என்2 வழியாகக் காக்ஸ்டாட், உம்தாதா, ஈஸ்ட் லண்டன் தாண்டிப் போக 900 கி.மீ.-க்கு மேல். ரோடு சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் கழற்றினால் காரின் பின்சீட்டில் போர்வை சுற்றிப் படுத்துவிடும். விமானத்தில் என்றாலும் பெடல், சக்கரம், ஹேண்டில்பார் மூன்றையும் கழற்றினால் பெட்டிக்குள் போய்விடும். டிரையத்லான் சைக்கிளின் ஒட்டிப்பிறந்த முன்பக்கத்தைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். போட்டி முடிந்த களைப்பில் ஈரமும் கடல் உப்புமாக வண்டியைப் பெட்டியில் பூட்டி இரண்டு நாள் விட்டால், திறக்கும்போது செயின் செம்மண் நிறத்தில் இருக்கும். ஹோட்டல் வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீர் கேட்டுக் கழுவிவிடுங்கள்.

விற்பனை விஷயம். டிரையத்லான் சைக்கிளை வாங்க அதே உயரமுள்ள இன்னொரு டிரையத்லான்காரர் வர வேண்டும். ரோடு சைக்கிளுக்கு அப்படி இல்லை. அக்டோபரில் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு 106 கி.மீ. ஓட்டும் அமஷோவா நெருங்கும்போது, புரட்டாசி விரதத்தோடு பயிற்சி தொடங்குபவர்கள் உட்பட, ஆட்கள் தேடி வருவார்கள். ஏரோ பாரைக் கழற்றி, சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி, புது டேப் சுற்றி, ஆகஸ்ட் கடைசியில் விலைக்கு வையுங்கள். வந்த தொகையை நீங்கள் ஓடிய அமைப்புக்கே கட்ட நினைத்தால், அது 18ஏ ரசீது, அதாவது நன்கொடைக்கான வரிச்சலுகை ரசீது, தரும் பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். உங்கள் பெயரில் ரசீது வரும், வரிக்கணக்கில் காட்டலாம்.