ஏ.டி.ஹெச்.டி.யும் பழைய காயமும்: யாரிடம் போவது?

சென்னையில் ‘நல்ல தெரபிஸ்ட் யாராவது தெரியுமா?’ என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் மாத்திரை எழுதும் சைக்கியாட்ரிஸ்டின் எண்ணை அனுப்புவார். இன்னொருவர் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைச் சொல்வார். மூன்றாமவர், கவுன்சலிங் டிப்ளமோ முடித்த தன் அத்தை பெண்ணை. நாலாமவர் ஒரு ஆப்பை. எல்லாம் ஒரே வேலைதான் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை என்று புரிய இரண்டு வருடம் ஆனது, பணமும் போனது.

எனக்கு ஏ.டி.ஹெச்.டி., அதாவது சின்ன வயதிலிருந்தே கவனம் ஓரிடத்தில் நிற்காத மூளை அமைப்பு, என்று தெரிந்தது 34 வயதில். அதற்கு வெகு முன்பே, பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டாலே உடம்பு உறைந்துபோகிற ஒரு பழைய காயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்திருப்பவருக்குப் பெரிய தலைவலி, வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான். கவனம் நிற்காது, தூக்கம் வராது, சொன்னது மறந்துபோகும், சின்ன விஷயத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். காயத்தை மட்டும் பார்ப்பவர் ‘எல்லாம் பதற்றம்தான்’ என்பார். கவனத்தை மட்டும் பார்ப்பவர் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்.

அரசு ஓ.பி.யிலிருந்து தொடங்குகிறேன். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது என்பதற்காக! அந்தக் கிண்டலுக்குப் பயந்தே வாசல் மிதிக்காதவர்கள் உண்டு. நஷ்டம் நமக்குத்தான், ஆலோசனையும் மருந்தும் அங்கே இலவசம். மாவட்டங்களிலும் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பல நாளாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், தனியார் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அங்கே போய்விடுங்கள். ஆனால் மனம் விட்டுப் பேச அது இடமில்லை. நான் போன ஓர் அரசு மருத்துவமனையில் எனக்குக் கிடைத்தது ஆறேழு நிமிடம். அடுத்த நோயாளி என் தோளை உரசிக்கொண்டு நின்றார். அந்தக் கூட்டத்தில் டாக்டரை என்ன குறை சொல்வது?

தனியார் சைக்கியாட்ரிஸ்டிடம் போவது முக்கியமாக இரண்டு காரியத்துக்கு: இது என்ன என்று கண்டறிய, மருந்து வாங்க. ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்று அவர் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில், அதைக் கேட்காமலே முடிவு சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ‘படிச்சு வேலைக்குப் போறீங்க, உங்களுக்கு ஏதுங்க ஆட்டிசம்?’ என்று சிரிப்பவரிடமிருந்தும்தான். ஆட்டிசமும் ஏ.டி.ஹெச்.டி.யும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதையே மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய டாக்டர்கள் பார்க்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.மின், 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் படித்துவிட்டு அப்புறம் புத்தகத்தைத் திறக்காதவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. ‘அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, சின்ன வயசு விவரம் கேட்கணும்’ என்றார் முதலில் பார்த்த டாக்டர். மருத்துவ முறைப்படி அது சரி. ஆனால் அடி விழுந்த வீட்டிலிருந்தே சாட்சி கொண்டுவரச் சொன்னால் எப்படி? அம்மா வந்தால் ‘சின்ன வயசுல ரொம்பச் சமத்து டாக்டர், ஒரு தொந்தரவும் இல்லை’ என்பார். அப்பாவைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது. இரண்டாவது டாக்டரிடம் இதை வெளிப்படையாகச் சொன்னேன். ‘அப்படின்னா ரேங்க் கார்டு இருக்கா?’ என்றார். பரணில் இருந்து எடுத்தேன். மூன்றாம் வகுப்பில் ‘கவனக்குறைவு’, ஐந்தாம் வகுப்பில் ‘கெட்டிக்காரன், ஆனால் பொறுப்பில்லை’. டீச்சர்கள் சிவப்பு மையில் எழுதிவைத்திருந்த கேஸ் ஷீட். பெற்றோரை அழைத்தாக வேண்டும் என்று அடம்பிடிக்காமல் வேறு வழி தேடுகிற டாக்டரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வாசலில் எத்தனை பட்டம் தொங்குகிறது என்பதெல்லாம் பிறகு.

மாத்திரை விஷயத்தில் ஒரு தகவல். ஏ.டி.ஹெச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் வருவது. 2020-இன் தொலைமருத்துவ விதிகளின்படி வீடியோ காலில் அதை எழுதித் தரக் கூடாது. எல்லா மெடிக்கலிலும் கிடைக்கவும் கிடைக்காது. எனவே ஆப் வழியாகவே எல்லாம் முடிந்துவிடும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், அதன் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விரிவான பரிசோதனைக்கும், முறையாகப் பயின்ற மனக்காயச் சிகிச்சைக்கும் இவர்களைத்தான் முதலில் தேடுவேன். கண் அசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர்., எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி.யில் மனக்காயத்தை மையப்படுத்திய வகை, இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே பரிந்துரைத்தது. ‘இதில் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, எங்கே?’ என்று போனிலேயே கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கு வாய்த்தவர் திறமைசாலி, ஆனால் சட்டம் பேசுபவர். ‘கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்க’ என்பார். கண்ணை மூடினால் எனக்குள் பத்து டிவி ஓடும். வீட்டில் நிரப்பச் சொல்லித் தந்த தாள்கள் இன்னும் பைக் பெட்டியில் கிடக்கின்றன.

நியூரோடைவர்ஜென்ட் ஆட்களை, அதாவது ஏ.டி.ஹெச்.டி., ஆட்டிசம் போல மூளை வேறு மாதிரி இயங்குபவர்களை, அப்படியே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் கவுன்சிலர்கள் இதற்கு நேர் எதிர். ட்யூப்லைட்டை அணைக்கலாம், தரையில் உட்காரலாம், கையில் ரப்பர் பந்தை உருட்டிக்கொண்டே பேசலாம். ஒரு மாதிரி உயிர் வந்தது எனக்கு. ஆனால் கவுன்சிலர் என்ற பலகைக்கு இங்கே தனி உரிமம் கேட்பார் இல்லை. வார இறுதிப் பயிற்சி முடித்தவரும் மனக்காயத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ட்ராமா’வைப் பலகையில் போட்டுக்கொள்ளலாம். முதல் சந்திப்பிலேயே ‘நடந்ததை முழுசா சொல்லுங்க, அழுதுடுங்க’ என்றால் அவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். முதலில் நம்மை நிலைப்படுத்திவிட்டுத்தான் பயின்றவர்கள் பழசைத் தொடுவார்கள்.

மொழி இன்னொரு வம்பு. நான் பார்த்த இந்த வகைக் கவுன்சிலர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம்தான் சரளம். ‘நீ உருப்படவே மாட்டே’ என்பதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது அது யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. எட்டாம் சந்திப்பில் தமிழில் சொன்னேன், தொண்டை அடைத்துக்கொண்டது. தமிழில் பேசுபவர் கிடைத்தால் பட்டத்தில் ஒரு படி விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஆன்லைன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு வேறு வழி குறைவு, செலவும் மிச்சம். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் எங்கே உட்கார்ந்து பேசுவது? நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பேசினேன், துணி காயப்போட சித்தி வரும்வரை. அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், எண் 14416, நாள் முழுவதும் இலவசம், தமிழிலும் பேசலாம். நள்ளிரவு நெருக்கடிக்கு அது. வாராவாரம் ஒரே ஆளோடு தொடர்வதற்கு இல்லை.

இப்போது மாத்திரைக்கு அந்த ரேங்க் கார்டு டாக்டர், மற்றதற்கு இ.எம்.டி.ஆர். பயின்ற, தமிழில் பேசும் ஒரு சைக்காலஜிஸ்ட். அவரைத் தேர்ந்தெடுத்தது ஒரே கேள்வியால். மூன்று பேரிடம் கேட்டேன்: ‘நான் அப்பாயின்ட்மென்டையே மறந்துபோனால் என்ன செய்வீர்கள்?’ ஒருவர் முழுக் கட்டணம் பிடிப்போம் என்றார். ஒருவர் ‘அது உங்க பொறுப்புதானே’ என்றார். இவர், ‘மறப்பீங்கன்னு தெரிஞ்சுதானே வர்றீங்க? முந்தின நாள் ராத்திரியும் அன்னைக்குக் காலையிலயும் வாட்ஸ்அப் பண்றேன்’ என்றார். அப்படியும் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.