அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய அம்பாசிடரின் முன்பக்கத்தை டிஸ்க் பிரேக்குக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறையிடம் சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பிரேக்கை விட ஸ்டியரிங்கில்தான் ஆபத்து.

என் வண்டி மார்க் 3, முன்னாலும் டிரம் பிரேக்தான். பிற்கால இசுசு 1800 வண்டிகள் சிலவற்றில் முன்னால் டிஸ்க் வந்தது. அந்த ஸ்டப் ஆக்ஸில் செட்டையே (முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் அச்சு) போடுகிறோம், எல்லாம் அப்படியே பொருந்தும் என்றார்கள். பில்லிலும் 'அம்பாசிடர் டிஸ்க் செட்' என்றே எழுதினார்கள். மாட்டியதோ வேறு ஏதோ வண்டியுடையது.

பிரேக் நன்றாகவே பிடித்தது. ஆனால் திருப்பும்போதெல்லாம் இடது பக்கம் 'டக்' என்று சத்தம், குழியில் இறங்கினால் ஒரு பக்கம் இழுப்பு. கொண்டுபோய்க் காட்டினால், "புது பார்ட்ஸ் சார், செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும்" என்று அலைன்மென்ட் மட்டும் பார்த்து அதற்கும் காசு வாங்கினார்கள்.

வேறொரு மெக்கானிக் டை ராடு எண்டை (ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) கழற்றியதும் சுருட்டிய தகரத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. அந்த மூட்டின் பின் (ஆணி) சிறிது, அது நுழையும் ஸ்டியரிங் ஆர்மின் (சக்கரத்தைத் திருப்பும் கை) ஓட்டை பெரிது. இடைவெளியைத் தகரம் வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அந்தப் பின் கூம்பாக இருக்கும். ஓட்டையும் அதே சரிவில் இருக்க வேண்டும். நட்டை முறுக்கும்போது இரண்டும் முழு நீளத்துக்கும் கவ்விக்கொள்ளும், பாரத்தைத் தாங்குவது அந்தக் கவ்வல்தான். சரிவு எட்டுக்கு ஒன்று (எட்டு மி.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. குறுகல்), பத்துக்கு ஒன்று என்று வண்டிக்கு வண்டி மாறும். 20 மி.மீ. நீளத்தில் இவற்றுக்குள் வித்தியாசம் அரை மி.மீ. மட்டுமே, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு முனை தொட, மறுமுனை ஆடும். ஆட ஆட விரிசல் விடும். பின் உடைந்தால் அந்தச் சக்கரம் அதன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

நட்டிலும் அதே அலட்சியம். பின்னில் 12 மி.மீ., 1.25 பிட்ச் (மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி) மரை. போட்டிருந்தது இஞ்சுக்கு 20 மரை உள்ள அரை இஞ்ச் நட்டு. பிட்ச் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சுலபமாக ஏறி, கொஞ்சம் முறுக்கும் பிடிக்கும். ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே தொடுவதால் பாரம் வந்தால் உருவிக்கொள்ளும். நட்டு கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின்னும் இல்லை. குடும்பத்தோடு போகும் வண்டி என்று தெரிந்தே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

வண்டியை எடுக்கும் முன் டை ராடு எண்டை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். பின்னைத் துடைத்து, பிரஷ்யன் ப்ளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மசி) தடவி, ஓட்டையில் அழுத்தித் திருப்பி எடுத்தால் நீலம் மேலிருந்து கீழ்வரை சுற்றிலும் சீராகப் பட்டிருக்க வேண்டும். ஒரு வளையமாக மட்டும் பட்டிருந்தால் அந்த ஜோடி வேண்டவே வேண்டாம். முறுக்கி முடித்ததும் ஸ்பிளிட் பின் ஓட்டை நட்டின் வெட்டுக்கு நேராக வர வேண்டும். அது நட்டைத் தாண்டி மேலே தெரிந்தால் கூம்புப் பின் ஆர்மின் ஓட்டைக்குள் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது.

சரிவு பொருந்தினாலும் ஆர்மின் உயரமோ நீளமோ மாறினால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும். குழியில் என் வண்டி இழுத்தது இதனால்தான். அலைன்மென்ட் மெஷின் நிற்கும் வண்டியை அளப்பதால் இதைக் காட்டாது. சஸ்பென்ஷனை ஏற்றி இறக்கி டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கழற்றிய அசல் பாகங்களைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். 2014-ல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்ற பிறகு நல்ல செட் கிடைப்பது கஷ்டம். என்னுடையதைக் கேட்டபோது காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பழைய டிரம் செட் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டித்தான் இப்போது ஓட்டுகிறேன். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பட்டறையிடம் எழுத்தில் கேட்டும் பதில் இல்லை.