டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதா, வயர்களை மாற்றிச் செருகுவதா?

பழைய காரின் என்ஜினிலிருந்து கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி மின்பொறியைப் பிரித்தனுப்பும் கருவி) மீண்டும் இறக்கும்போது, அதனுள் சுழலும் ரோட்டார் கையேட்டில் காட்டியுள்ள திசையில் நிற்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றால், செய்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. டிஸ்ட்ரிபியூட்டரையோ அதைச் சுழற்றும் தண்டையோ மறுபடி வெளியே எடுத்து, தொழிற்சாலை வைத்த நிலைக்கே ரோட்டாரைக் கொண்டுவருவது முதல் வழி. விழுந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ரோட்டார் பார்க்கும் முனையையே முதல் சிலிண்டரின் முனையாகக் கொண்டு, அங்கிருந்து எரிப்பு வரிசைப்படி வயர்களைச் செருகுவது இரண்டாவது வழி. முதல் வழிக்காரர்கள் இரண்டாவதைச் சோம்பேறித்தனம் என்பார்கள்; இரண்டாவது வழிக்காரர்கள் முதலாவதை வெறும் சடங்கு என்பார்கள். எந்த என்ஜின் என்று கேட்காமல் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

எந்த வழியானாலும் தொடக்கம் ஒன்றுதான். முதல் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் (கலவையை அழுத்தும் ஸ்ட்ரோக்) முடியும் தறுவாயில் உச்சியில் இருக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்; ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வரும் இரண்டு முறைகளில் ஒன்று மட்டுமே நமக்கு உதவும். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக் காற்று தள்ளுகிறதா என்று பார்ப்பது பரவலான முறை. வால்வு மூடி ஏற்கெனவே திறந்திருந்தால் அதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு: 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் நான்கு சிலிண்டர் என்ஜினில், நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டே இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் அந்தத் தருணத்தில், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும். கிராங்க் புல்லியின் கோட்டை மட்டும் நம்புவது சரியல்ல. ரப்பர் வளையம் வைத்த பழைய டேம்பர்களில் (அதிர்வைத் தணிக்கும் புல்லிகளில்) வெளிவளையம் நழுவிக் கோடு இடம்மாறியிருக்கக்கூடும்.

இரண்டாவது வழி எப்படி வேலை செய்கிறது என்ற காரணம் எளியது. பொறியை எழுப்பும் பாயிண்டுகளும் மூடியும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஒரே உடலில்தான் அமர்ந்திருக்கின்றன. உடலைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்தே திரும்புவதால், பொறி விழும் கணத்தில் ரோட்டாரின் முனை மூடியின் ஏதாவதொரு முனைக்கு நேராகவே நிற்கும். அந்த முனையிலிருந்து போகும் வயர் சரியான சிலிண்டருக்குப் போனால் போதும். மூடியில் எது ஒன்றாம் எண் என்பது என்ஜினுக்குத் தெரியாது.

ஆனால் திரும்பும் அளவு முக்கியம். செவர்லே ஸ்மால் பிளாக் வி8 என்ஜினை எடுத்துக்கொள்வோம். அதில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டோடு பிணையும் பல்சக்கரம் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலேயே உள்ளது. அதற்கு 13 பற்கள், அதாவது ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 27.7 பாகை. மூடியின் முனைகளோ 45 பாகை இடைவெளியில் உள்ளன. ஒரு பல் தவறி இறங்கினால், உடலை அதே பக்கம் 27.7 பாகை திருப்பியும் சரிசெய்யலாம். வயர்களை ஒரு முனை தள்ளிச் செருகி, உடலை எதிர்ப்பக்கம் 17.3 பாகை மட்டும் திருப்பியும் சரிசெய்யலாம். கணக்கின்படி இரண்டாவது வழிக்கே திருப்பம் குறைவு. உடலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் குப்பி இன்டேக் மேனிஃபோல்டிலோ பின்சுவரிலோ முட்டும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது.

இருந்தும் இந்த என்ஜினில் நான் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன். ஒரே ஒரு கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் டிஸ்ட்ரிபியூட்டர் மேலே வந்துவிடும். சோம்பலுக்கு அங்கே சாக்கு இல்லை. பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், இறங்கும்போது ரோட்டார் தானாகவே சற்றுச் சுழலும். அந்த அளவை முன்கூட்டியே கழித்துத்தான் இறக்கத் தொடங்க வேண்டும். தண்டின் அடி நுனி ஆயில் பம்ப்பின் தண்டையும் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் உடல் முழுதும் அமராமல் சிறிது தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டும் கிளாம்ப்பை முறுக்கி அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது உடைப்பதற்கான வழி. நீண்ட ஸ்க்ரூ டிரைவரால் பம்ப்பின் தண்டைச் சிறிது திருப்பிவிட்டு மீண்டும் இறக்குவதே முறை. தொழிற்சாலை நிலைக்கென வளைத்து அளவெடுத்த வயர் தொகுதிகள், முனை மாறினால் சில இடங்களில் எட்டாமலும் சில இடங்களில் தொங்கியும் போகும் என்பதும் முதல் வழிக்குச் சாதகமானது.

பழைய மினியில் இருந்த பிஎம்சி ஏ-சீரிஸ் என்ஜினில் நிலைமை வேறு. அங்கே பல்சக்கரம் என்ஜினுக்குள் தனித் தண்டில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் நடுவிலிருந்து சற்று விலகிய ஒரு நாக்கு மட்டுமே உள்ளது. அது ஒரே ஒரு நிலையில்தான் நுழையும். ஆகவே ரோட்டார் தவறான பக்கம் பார்த்தால், குற்றம் உள்ளே இருக்கும் தண்டில்தான். அதை 5/16 யுஎன்எஃப் போல்ட் ஒன்றைத் திருகி வெளியே இழுக்கலாம். கடினமல்ல, ஆனால் கூடுதல் வேலை. தண்டு சரியாக அரைச் சுற்று மாறியிருக்கும் பட்சத்தில், மூடியில் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் இடம்மாற்றிச் செருகினால் போதும். உடல் இம்மியும் திரும்ப வேண்டியதில்லை. வேக்குவம் குப்பியும் இருந்த இடத்திலேயே இருக்கும். இங்கே இரண்டாவது வழியைக் குறை சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை, ஒன்றைத் தவிர: அடுத்து கையேட்டைத் திறந்துவைத்து வயர்களைச் செருகுபவர் என்ஜினை எழுப்ப முடியாமல் திணறுவார். அதனால் ஒன்றாம் முனையை மூடியில் குறித்தால் மட்டும் போதாது. மூடி மாற்றப்படும் பொருள். உடலின் விளிம்பில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது வழியை அறவே தள்ள வேண்டிய என்ஜின்களும் உண்டு. காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ஜினில், பழைய அமைப்பில் ஆயில் கூலர் காற்றை மறைத்ததால் மூன்றாம் சிலிண்டர் கூடுதலாகச் சூடாகும். அதற்காகவே பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் மூன்றாம் சிலிண்டருக்கான பொறி மட்டும் சில பாகை தாமதமாக விழும்படி பாயிண்டுகளைத் திறக்கும் உள் கேம் வெட்டப்பட்டது. வயர்களை ஒரு முனை தள்ளிச் செருகினால் அந்தத் தாமதம் வேறொரு சிலிண்டருக்குப் போய்விடும். பாதுகாப்புத் தேவைப்பட்ட மூன்றாவது அதை இழந்துவிடும். வண்டி நன்றாகவே ஓடுவதுபோல் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இதில் தண்டைக் கழற்றிச் சரியாக இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இறக்கும்போது அதன் அடியிலுள்ள வாஷர்கள் கிராங்க் அறைக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1962-இல் வந்த பியூக் வி6 இன்னும் கண்டிப்பானது. அதில் எரிப்புகள் சமமான இடைவெளியில் நிகழ்வதில்லை. கிராங்க் கணக்கில் 90, 150 பாகை என மாறி மாறி வரும். டிஸ்ட்ரிபியூட்டரில் அது 45, 75 பாகை. வயர்களை ஒரு முனை தள்ளினால், ஒன்றாம் சிலிண்டருக்கு டைமிங் (பொறி விழும் நேரம்) மிகச் சரியாக இருக்கும்போதே மூன்று சிலிண்டர்கள் கிராங்க் கணக்கில் 60 பாகை பிசகிப்போகும். டைமிங் லைட்டை (பொறி விழும் கணத்தில் மின்னும் விளக்கை) ஒன்றாம் வயரில் மாட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். இரண்டு முனை தள்ளினால் மட்டும் டிஸ்ட்ரிபியூட்டரில் 120 பாகை நகர்ந்து கணக்கு மீண்டும் பொருந்தும்.

வயர்கள் போகும் பாதையை இந்த ஒப்பீட்டில் பலர் மறந்துவிடுகிறார்கள். செவர்லேயின் 1-8-4-3-6-5-7-2 வரிசையில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து எரிகின்றன, அருகருகேயும் உள்ளன. அவ்விரு வயர்களும் நீண்ட தூரம் ஒட்டி ஓடினால் ஒன்றின் துடிப்பு மற்றொன்றில் தூண்டப்பட்டு, பொறி முந்தி விழக்கூடும். முனைகளை இடம்மாற்றும்போது தொழிற்சாலை அமைத்த பிரிப்பான்களின் ஒழுங்கு குலைவதால், இரண்டாவது வழியைத் தேர்ந்தவர் இவ்விரண்டையும் தனியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும்.

வாங்கிய காரில் முந்தைய கை ஏற்கெனவே இரண்டாவது வழியைக் கையாண்டிருந்தால் உடனே பிரித்து மாற்ற வேண்டுமா? பீட்டிலோ, சமமின்றி எரியும் வி6-ஓ என்றால், ஆம். சம இடைவெளி என்ஜின் நன்றாக ஓடுகிறதென்றால் அவசரமில்லை. ஒன்றாம் முனையை உடலில் குறித்துவைத்து, வேறு வேலைக்காக டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே வரும்போது தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.