கழுத்து நரம்புக்கு எம்ஆர்ஐயா, நரம்பு டெஸ்ட்டா?

கழுத்து வலியோடு கையும் மரத்துப்போனால், சென்னையில் நம்மில் பலர் நேராக ஸ்கேன் சென்டருக்குத்தான் போகிறோம். தாம்பரத்தில் டீச்சராக இருக்கும் என் அக்காவும் அப்படித்தான் போனாள். கட்டைவிரலில் இருந்து நடுவிரல் வரை மரத்துப்போய், ராத்திரியில் கையை உதறிக்கொண்டே எழுந்து உட்காருவாள். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘சி5-சி6 டிஸ்க் பல்ஜ்’ (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கிறது) என்று இருந்ததைப் பார்த்ததும் வீட்டில் ஆபரேஷன் பேச்சே வந்துவிட்டது. அப்புறம் நரம்பு டெஸ்ட் எடுத்தபோதுதான் தெரிந்தது, நரம்பு அழுந்தியது கழுத்தில் இல்லை, மணிக்கட்டில்.

எம்ஆர்ஐ பொய் சொல்லவில்லை. டிஸ்க், எலும்பு, தண்டுவடம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று அது காட்டும். அந்தப் பிதுக்கம்தான் கையை மரக்க வைக்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது!

நரம்பு டெஸ்ட்டில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி என்சிஎஸ். தோல்மேல் லேசாக ஷாக் கொடுத்து, நரம்பில் சிக்னல் போகும் வேகத்தையும் அதன் அளவையும் அளப்பார்கள். கையின் பெரிய நரம்புகளில் அந்த வேகம் சாதாரணமாக நொடிக்கு 50 மீட்டர் அளவில் இருக்கும். மணிக்கட்டில் அழுத்தம் இருந்தால் அந்த இடத்தில் வேகம் குறைவது பெரும்பாலும் தெரிந்துவிடும். கழுத்து விஷயம் வேறு. தண்டுவடத்தில் இருந்து நரம்பு கிளம்பும் பகுதிக்கு வேர் என்று பெயர். உணர்வு நரம்பின் செல்கள் இருக்கும் முடிச்சுக்கு உள்பக்கமாக, அதாவது தண்டுவடத்தின் பக்கமாகத்தான் வேர் பொதுவாக அழுந்துகிறது. முடிச்சில் இருந்து விரல்வரை வரும் இழை நன்றாகவே இருப்பதால், விரல் மரத்திருந்தும் உணர்வு நரம்பு ரிப்போர்ட் நார்மல் என்று வரும்.

அங்கேதான் இரண்டாம் பாதியான இஎம்ஜி, அதாவது தசையில் மெல்லிய ஊசி செருகி அதன் மின் சிக்னலைப் பார்க்கும் ஊசி டெஸ்ட், தேவைப்படுகிறது. மேல்கையின் பின்பக்கத் தசைக்கு ரேடியல் நரம்பு போகிறது, முன்கையின் உள்பக்கத் தசைகள் சிலவற்றுக்கு மீடியன் நரம்பு. நரம்பு வேறானாலும் இரண்டுக்கும் கழுத்தில் உள்ள சி7 என்ற வேரில் இருந்து இழைகள் வருகின்றன. இரண்டு தசையிலும் கோளாறு தெரிந்தால் சந்தேகம் கழுத்துப் பக்கம் திரும்பும். ஊசி வலிக்கும்தான், ஆனாலும் இந்தத் தகவல் அந்த வலிக்குத் தகும் என்பேன்.

இதற்கும் குறை உண்டு. தசையில் மாற்றம் தெரிய சுமார் மூன்று வாரம் ஆகும், அதற்குள் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலியும் மரப்பும் மட்டும் இருந்து தசை பலவீனம் இல்லையென்றால் ரிப்போர்ட் நார்மலாக வரலாம். கழுத்தில் பிரச்சினையே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

சரி, எது முதலில்? நடை தள்ளாடினாலோ, சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். அங்கே எம்ஆர்ஐதான் முதலில், ஊசி டெஸ்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. கழுத்தா மணிக்கட்டா என்று குழப்பமாக இருந்தால் நரம்பு டெஸ்ட். ஆபரேஷன் என்ற பேச்சு வந்துவிட்டால், ஸ்கேன் காட்டும் வேரும் கையில் தெரியும் தொந்தரவும் பொருந்துகிறதா என்று கேளுங்கள். பொருந்தாதபோது நரம்பு டெஸ்ட்டைப் பற்றியும் கேட்கலாம்.

டெஸ்ட் அன்று கையில் எண்ணெய், லோஷன் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், குளிர்ந்த கையில் நரம்பின் வேகம் குறைவாகத்தான் காட்டும். புக் செய்யும்போதே என்சிஎஸ் மட்டுமா, ஊசி டெஸ்ட்டும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.