மாலை மையப் பணியாளர்களுக்கான ஐந்து நாள் பயிற்சி: கொடுக்கிற காசுக்கு என்ன தேறுகிறது?

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மாலை நேரப் படிப்பு மையமோ இளைஞர் மன்றமோ நடத்துகிறவர்களுக்கு ஆள் பிடிப்பது பெரிய பாடில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளையோ, பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பெண்ணோ, சமூகப் பணி படித்த பையனோ யாராவது வருவார்கள். வந்தவரைத் தேற்றி எடுப்பதுதான் பாடு. அந்த வேலைக்கென்று புதூர்ப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் ஐந்து நாள் பயிற்சியைப் பற்றியது இந்த மதிப்புரை. தலைக்கு 3,500 ரூபாய். மதியச் சாப்பாடு, கைப்புத்தகம், பயிற்சி முடிந்து ஆறு வாரத்துக்குள் மையத்துக்கே நேரில் வந்து பார்க்கும் இரண்டு வருகைகள், எல்லாம் அதில் அடக்கம். காலை 9.30 முதல் மாலை 4.30 வரை நடக்கிறது.

அனுப்பலாம். அந்த இரண்டு வருகைகளுக்காகவே அனுப்பலாம். ஐந்து நாளில் சொல்லிக்கொடுப்பதில் பாதிக்கு மேல் நல்ல கைப்புத்தகத்திலேயே கிடைக்கும்.

முதல் நாள் முழுக்க அடிப்படைத் திறன்களின் பட்டியல். பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கான அமெரிக்கச் சங்கமான நேஷனல் ஆஃப்டர்ஸ்கூல் அசோசியேஷன் 2011-ல் வெளியிட்ட பத்துப் பிரிவுகளைத் தழுவியது. வயதுக்கேற்ற வளர்ச்சி, கற்கும் சூழல், பிள்ளைகளோடு பழகும் முறை, பாதுகாப்பு, குடும்பத்தோடும் பள்ளியோடும் உள்ள தொடர்பு என்று போகிறது. பட்டியல் நல்ல பட்டியல். அதைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தனக்குத் தானே மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். எல்லாரும் நான்கு போடுகிறார்கள். தன் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது யார் இரண்டு போடுவார்கள்? மதிப்பெண்ணுக்குப் பதில் கண்ணால் பார்க்கக்கூடியதைக் கேட்டிருந்தால் பலன் இருந்திருக்கும். மையத்துக்கு வரும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியுமா, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, போன வாரம் வராத மூன்று பேர் ஏன் வரவில்லை என்று சொல்ல முடியுமா என்ற மாதிரிக் கேள்விகள். இந்தப் பக்கத்தில் மூன்றாவது கேள்வி முக்கியம். மல்லிகை சீசனில் விடிவதற்கு முன்பே மொட்டுப் பறிக்கப் போய்விட்டுப் பள்ளிக்கும் போன பிள்ளை மாலை ஆறு மணிக்குத் தூங்கி விழும். அதைச் சோம்பல் என்று எழுதுகிற பணியாளருக்கு வயதுக்கேற்ற வளர்ச்சியைப் பற்றி எத்தனை ஸ்லைடு போட்டும் பயனில்லை.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் பயிற்சியின் உயிர். 90 நிமிட அமர்வைத் திட்டமிடுவது எப்படி என்று உட்காரவைத்து எழுத வைக்கிறார்கள். வந்து சேர்ந்து சுண்டல் சாப்பிட 10 நிமிடம், உடல் அசையும் விளையாட்டு 15, முக்கிய வேலை 40, வாசிப்பு 15, வட்டமாக உட்கார்ந்து முடிக்க 10. அடிதடி நடப்பது பெரும்பாலும் இந்த ஐந்துக்கும் இடையில், ஒன்றை முடித்து அடுத்ததுக்கு நகரும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் என்பதை அழகாகப் பிடித்துக் காட்டுகிறார்கள். அதற்கான வழிகளும் சின்னச் சின்னவை. பொருளைக் கையில் கொடுப்பதற்கு முன்பே செய்யவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். சார்ட்டும் ஸ்கெட்சும் கைக்குப் போன பிறகு காது வேலை செய்யாது. ஒரு தடவைக்கு மூன்று கட்டளைக்கு மேல் கூடாது. சொன்னதை ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். முதலில் முடித்தவர்களுக்கு அடுத்த வேலை தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்கும் முறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பது சரியான முடிவு. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அது மூன்று விநாடியானால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளையும் பேசுகிறது. இதைச் சொல்வதோடு விடாமல், பயிற்சி எடுப்பவரை மனதுக்குள் மூன்று எண்ணச் சொல்லிப் பழக்குகிறார்கள். அந்த மௌனம் முதலில் அவர்களைத்தான் நெளிய வைக்கிறது.

ஆனால் இங்கேயே கணக்கு இடிக்கிறது. ஒவ்வொருவரும் 12 நிமிடம் நடத்திக் காட்ட வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக நடிக்க வேண்டும், 8 நிமிடம் கருத்து. ஆக ஆளுக்கு 20 நிமிடம். குழுவில் 28 பேர், பயிற்றுநர் இருவர். இரண்டாகப் பிரித்தாலும் ஒரு பக்கம் 14 பேர், 280 நிமிடம் வேண்டும். ஒதுக்கியது மூன்றே மணி நேரம். அதனால் 18 பேர்தான் நடத்திக் காட்டினார்கள். மீதி பத்துப் பேர் வேடிக்கை பார்த்துவிட்டுச் சான்றிதழோடு போனார்கள். பின்னால் உட்கார்ந்த, கூச்சமுள்ள ஆட்கள்தான் அந்தப் பத்துப் பேரில் அதிகம். அவர்களுக்குத்தான் இது வேண்டியிருந்தது. குழுவை 18-க்குள் நிறுத்தினால் தீர்ந்துபோகும் குறை இது.

பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஒன்றரை மணி நேரம் மட்டுமே ஒதுக்கியிருப்பதை ஏற்க முடியவில்லை. 2014 தேசிய இளைஞர் கொள்கைப்படி 15 முதல் 29 வயது வரை இளைஞர். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி 18-க்குக் கீழே எல்லாரும் குழந்தை. அதாவது இளைஞர் மன்றத்துக்கு வரும் 16 வயதுப் பெண் ஒரே நேரத்தில் இரண்டும். இந்த முடிச்சைப் பயிற்றுநர் நன்றாகவே விளக்கினார். குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். இதையும் சொன்னார். ‘பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்’ என்ற ஊர் வழக்கம் ஏன் சட்டப்படியும் தப்பு, பிள்ளைக்கும் கேடு என்பதில் அவர் இடம் கொடுக்கவே இல்லை.

விட்டுப்போனது செய்முறை. பிள்ளை வாய் திறந்து சொல்லும்போது, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது, தோண்டித் துருவிக் கேட்காமல் இருப்பது, பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே தேதி நேரத்தோடு எழுதி வைப்பது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்வது, மற்ற பணியாளர்களிடம் பெயரைப் பரப்பாமல் இருப்பது. இவற்றை வாயால் சொன்னார்கள், ஒரு தடவைகூட எழுதிப் பார்க்க வைக்கவில்லை. ‘அழுதாள், ஏதோ பிரச்சினை போல’ என்று எழுதுகிற கை, எழுதிப் பழகினால்தான் திருந்தும்.

இதைவிடப் பெரிய ஓட்டை சாதி. பட்டியலில் ‘பண்பாட்டுப் புரிதல்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குக் காட்டிய எடுத்துக்காட்டெல்லாம் மொழியும் பண்டிகையும். இந்த மாவட்டத்து மையத்தில் பணியாளர் முதல் நாளே சந்திப்பது வேறு: யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், சுண்டலை யார் பரிமாறினால் யார் வாங்குவதில்லை, கையில் கட்டிய கயிற்றின் நிறம் என்ன. நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவனைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதி காட்டும் கயிறு கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் இதைத் தொடாமல் ஒரு பயிற்சி நடப்பது வருத்தமாக இருக்கிறது. செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ‘நீங்களே குழு பிரிச்சுக்கோங்க’ என்று சொல்லவே கூடாது; தெருவாரியாகப் பிரிந்து நிற்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பிரிக்க வேண்டும், குழுவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பரிமாறும் முறையைப் பெயர்ப் பட்டியல் போட்டுச் சுற்றுக்கு விட வேண்டும். மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இதையெல்லாம் கேட்டபோது, ‘அது சென்சிட்டிவ் விஷயம், அந்தந்த மையம் பார்த்துக்கட்டும்’ என்பதுதான் பதில்.

முதலுதவி வகுப்பு குறையில்லை. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரி, மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது என்பதை நடித்தே காட்டினார்கள். சாப்பாடும் நன்று.

இனி அந்த இரண்டு வருகைகள். பயிற்றுநர் மையத்துக்கு வந்து பின்னால் 40 நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறார், குறுக்கே பேசுவதில்லை, தான் கண்டதை மட்டும் எழுதுகிறார். பிள்ளைகள் போன பிறகு 20 நிமிடம் பேச்சு. ‘நீங்க கேட்ட 14 கேள்வியில 11-க்கு ஆமா இல்லைதான் பதில்’ என்பது போல எண்ணிக்கையோடு பேசுகிறார். முடிவில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த வருகையில் அதை மட்டும் பார்க்கிறார். பத்துக் குறையை ஒரே நாளில் சொன்னால் ஆள் வேலையை விட்டுவிடுவார் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும், இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்துவிட்டு வருபவர்களுக்கு இது மிகவும் உதவும். அங்கே எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள்தான் இருந்தார்கள். பதினாறு வயதுப் பையனிடமும் அதே குரலில் பேசுவது அவர்களிடம் அடிக்கடி காணும் பிழை, அது வகுப்பறையில் தெரியாது, மையத்தில்தான் தெரியும்.

மதுரை நகருக்குள் இருக்கும் மையங்களுக்கு இரண்டு வருகையும் நேரில் நடந்தன. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவற்றுக்கு இரண்டாவது, போனில் கால் மணி நேரப் பேச்சாக முடிந்தது. வாங்கிய பணம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பணம் கட்டும் முன் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: குழுவில் எத்தனை பேர், எல்லாரும் நடத்திக் காட்டுவார்களா, இரண்டாவது வருகை நேரிலா. பணியாளரோடு ஒருங்கிணைப்பாளரையும் சேர்த்து அனுப்புங்கள். திரும்பி வந்தபின் அந்த ‘ஒன்றே ஒன்று’ நடக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்க்க ஆள் வேண்டும். தேதியைத் தை மாதத் தொடக்கத்திலும் சித்திரைத் திருவிழாவிலும் வைத்தால் மாற்றச் சொல்லுங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு நடக்கிற வாரத்தில் அந்தப் பக்கத்துப் பையன்கள் யாரும் வகுப்பில் உட்கார மாட்டார்கள்.