ஒரு முக்கோணத் திருகாணி

போன கிழமை மட்டக்களப்பிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். "அக்கா, உங்கட்ட இருக்கிற அதே கோப்பி மெஷின் விலை குறைஞ்சிருக்கு. வாங்கட்டா?" அந்த நேரம் அது என் சமையலறை மேசையில் குப்புறக் கிடந்தது. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சரி, இப்போது சொல்கிறேன்.

திருகோணமலையில், எங்கள் உவர்மலை வீட்டில் இது ஆறு வருடமாக நாளுக்கு இரண்டு தடவை ஓடுகிறது. கோப்பியின் ருசியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மாப்போல அரைத்த தூளைப் போட்டால் வடிதாள் அடைத்து வழியும், கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் போதும்.

கழற்றிப் பார்த்தபோதுதான் இதற்குள் மோட்டரே இல்லை என்று தெரிந்தது. குதிரை லாடம் போல வளைந்த ஒரு அலுமினியக் குழாய், அதோடு ஒட்டிச் சூடாக்கும் கம்பி. தண்ணீர் கொதிக்கும்போது எழும் குமிழிகள்தான் தண்ணீரை மேலே தள்ளுகின்றன. தள்ளிய தண்ணீர் தொட்டிக்குத் திரும்பாமல் தடுக்க ஒரு சின்ன வால்வு. விடியற்காலையில் கேட்கும் அந்தக் களக் களக் சத்தம் குமிழிகளின் சத்தம். எனக்கு இந்த மெஷின்மேல் அப்போது வந்த பாசம் இன்னும் போகவில்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் அதற்கு எமன். கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு இந்தக் குழாய்க்குள்ளும் படியும். பத்து நிமிடத்தில் வடிந்த கோப்பி இருபது நிமிடம் எடுக்கத் தொடங்கினால் அதுதான் காரணம். ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, பாதி ஓடியதும் நிறுத்தி, அரை மணி நேரம் ஊறவிட்டு மீதியை ஓடவிட வேண்டும். அப்புறம் வெறும் தண்ணீரில் மூன்று தடவை. இதை மாதம் ஒருமுறை செய்து வந்த நான், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து மாதமும் செய்யவில்லை.

ஒருநாள் சுவிச்சில் சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீரோ கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூட்டுக்குக்கூட வரவில்லை. திருத்துகிற தம்பி ஒருவர், "உள்ளுக்க இருக்கிற பியூசை எடுத்துப்போட்டு வயரை நேரா முடிஞ்சுவிடுறன் அக்கா, காணும்" என்றார். அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள். சூட்டை அளவோடு வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் பழுதானால் சூடு ஏறிக்கொண்டே போகும். வீடு பற்றாமல் தடுப்பது, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுத்துவிடும் அந்தப் பியூஸ் மட்டும்தான். மெஷினை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கோபம் முழுவதும் அடுத்த விஷயத்தில்தான். அடியில் நாலு திருகாணி. மூன்று சாதாரண நட்சத்திரத் தலை. நாலாவது மட்டும் ஆழமான குழிக்குள், முக்கோணத் தலையோடு. நான் ஏறி இறங்கிய ஒரு கடையிலும் அதற்குத் திருப்புளி இல்லை. கொழும்பிலிருந்து அண்ணா கொண்டுவரும்வரை இரண்டு கிழமை காத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கியவள் திறக்கக் கூடாது என்பதற்காகவே யாரோ யோசித்து வைத்த ஆணி அது.

திறந்த பிறகு வேலை அரை மணி நேரம்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்சாரம் போக வழி இருந்தால் சத்தம் கொடுக்கும் மீட்டரை ஒவ்வொன்றிலும் வைத்தேன். சூடாக்கும் கம்பி சத்தம் கொடுத்தது, தெர்மோஸ்டாட்டும் கொடுத்தது, பியூஸ் ஊமை. அதன் உடம்பில் எழுதியிருக்கிற அதே வெப்பநிலை, அதே அம்பியரில் புதியது வாங்க வேண்டும். விலை ஒரு பிஸ்கட் பக்கெட்டுக்குக்கூட வராது. ஈயம் வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே புதுப் பியூசும் போய்விடும், அதனால் உலோகக் குழலில் செருகிக் குறட்டால் நசுக்கினேன். கண்ணாடிநார் உறையையும் மறக்காமல் திரும்ப மாட்டினேன்.

இன்று காலையும் அதில்தான் கோப்பி போட்டேன், அருமையாக இருந்தது. ஆனாலும் தங்கச்சி, இதை வாங்காதே. பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். வேறு எதைப் பார்த்தாலும், காசைக் கொடுக்க முதல் அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.